காணச் செல்வதும் தொழச் செல்வதும்

சிவமயம்

ஆலயத்துக்குச் செல்லுதல் சைவர்களாகிய நமக்கு நித்திய கருமங்களுள் ஒன்றாகும். நீராடி, தோய்த்துலர்ந்த வஸ்திரந் தரித்து, திருநீறிட்டு, பத்திர புஷ்பங்களாயினும் கைக்கொண்டு சென்று, வலம்வந்து வணங்கி மீளும் முறையினைப் பெரியோர் நமக்கு இளமையிலேயே கற்பித்திருக்கின்றனர். ஆதலின், பூசை வழுவாது நடைபெறுங் கோயிலிலே செய்யத்தக்கது இன்னதென்பதில் நமக்கு ஐயமில்லை. பூசை நின்று, மணியொலி அடங்கி, சிற்பச் சிறப்பு ஒன்றினாலேயே பெயர்பெற்று, காண்பார் பலரும் தொழுவார் சிலருமாய் நிற்கும் பழங்கோயிலொன்றினுள்ளே ஒரு சைவன் புகுவானாயின், அவன் அங்கே யாவனாய்ப் புகுதல் வேண்டும்? காண்பவனாகவா? தொழுபவனாகவா? காண்பதும் தொழுவதும் ஒன்றா, வேறா? இவ்வினா எமக்கு ஏட்டிலே தோன்றியதன்று. எமது பிழையொன்றினாலே தோன்றியது. ஆதலின் அப்பிழையை முதற்கண் சொல்லிவிடுதல் முறையாகும்.

சில காலத்துக்கு முன் மட்டக்களப்பிலிருந்து மீளும் வழியில், எம் தமக்கையாரின் மகனுடன் பொலனறுவையில் இறங்கினோம். அவர் கட்டடத் தொழில் கற்றவர், அடக்கமுடைய இளைஞர். அந்நகரிலே, பபளு விகாரைக்கு அணித்தே, இரண்டாம் சிவதேவாலயம் என்று இக்காலத்தார் இலக்கமிட்டு வழங்கும் கற்றளி ஒன்றுண்டு. அதன் பழம்பெயர் வானவன்மாதேவீச்சரம் என்பது. முதலாம் இராசராச சோழனின் தேவியாரும் முதலாம் இராசேந்திரனின் தாயாருமாகிய வானவன்மாதேவியாரின் பெயரால் அமைந்தது அது. சோழர் பொலனறுவையைச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்ட பதினோராம் நூற்றாண்டிலே எழுந்தது. அதிராசேந்திர சோழனின் காலத்துத் தமிழ்ச் சாசனம் அக்கோயிலின் பெயரை இன்றும் கல்லிலே தாங்கிநிற்கின்றது. அந்நகரில் இன்று காணப்படுங் கட்டடங்களுள் காலம் தெளிவுற்றவற்றில் மிகப் பழையது இதுவே என்பர்.

நாங்கள் சென்றபோது உச்சிப்பொழுது கழிந்திருந்தது. எம் மருமகனார் பாதரட்சையைக் கழற்றிவிட்டு, கோயிலை ஒருமுறை மெல்லச் சுற்றிவந்தார். பின்னர் அதிட்டானத்தின் அருகே குந்தியிருந்து கல்லும் கல்லும் பொருந்துமிடத்தை உற்றுநோக்கினார். தூரத்தே விலகிநின்று விமானத்தை அண்ணாந்து பார்த்தார். மீண்டும் கிட்டவந்து அரைத்தூணின் விளிம்பை விரலாலே தடவினார். யாம் உள்ளே சென்று இலிங்கப்பெருமானை வணங்கி வெளிப்போந்தபோதும் அவர் அவ்வாறே நின்றார். எமக்குச் சினம் மூண்டது. "கோயிலுக்கு வந்தவன் கல்லையா பார்ப்பது? கும்பிட்டாயா?" என்று கடிந்தோம். அவர் மறுமொழி கூறாது தலைகுனிந்தார்.

அதனோடு யாம் அமைந்தோமல்லேம். கொண்டுவந்த கர்ப்பூரத்தைச் சுவரோரத்தே எழுத்துக்கள் பொறித்த கல்லின் அடியில் வைத்துக் கொளுத்த முற்பட்டோம். அப்போது அவ்விடத்துக் காவலாளர் விரைந்து வந்து கைகூப்பித் தடுத்தார். அவர் சிங்களவர், தமிழ் சிறிதே அறிந்தவர். "ஐயா, இங்கே வேண்டாம். எழுத்துக் கறுக்கும். உள்ளே விளக்கு வைக்க இடம் இருக்கு" என்றார். எமது கோயிலிலே எமக்குத் தடையா என்னும் எண்ணம் எம் நெஞ்சிலே அனலாய் எழுந்தது. கடுஞ்சொல் ஒன்று நாவின் நுனிவரை வந்தது. அந்நேரம் மருமகனார் மெதுவாக, "அம்மான், அவர் காட்டும் எழுத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்" என்றார்.

யாம் குனிந்து நோக்கினோம். தமிழெழுத்து, ஆயினும் எமக்குக் கூடவில்லை. தமிழ் கற்றோம் என்று நெடுநாள் செருக்குற்றிருந்த யாம், எம் முன்னோர் எமக்கெனக் கல்லிலே விட்டுச்சென்ற சொல்லை வாசிக்கமாட்டாது நின்றோம். வாசிக்கமாட்டாத அதனையே புகையினால் மறைக்கவும் முற்பட்டோம். அதனைக் காத்தவரோ அம்மொழியினரும் அல்லர், அச்சமயத்தினரும் அல்லர். அவ்விடத்திலே எமது சினம் நாணமாயிற்று. அந்நாணத்திலிருந்து எழுந்த சிந்தனையையே ஈண்டு எழுதுகின்றோம்.

பழங்கோயிலைக் காணச் செல்வார் பெரும்பாலும் இருதிறத்தினர். ஒருதிறத்தார் அழகைக் காணச் செல்வார். அவர்க்குக் கோயில் என்பது கல்லும் உளியும் அளவும் கூடிய ஒரு கைத்திறம். எந்த அரசன் கட்டினான், எத்துணை உயரம், எந்தக் காலத்துப் பாணி என்பவற்றை அறிந்து, படம் பிடித்துக்கொண்டு மீள்வர். மற்றொரு திறத்தார் தொழச் செல்வார். அவர்க்கு மூலஸ்தானம் ஒன்றே கண். சுவரும் தூணும் விமானமும் அங்குச் சென்று சேர்தற்கு இடையே கிடக்கும் வழியேயன்றிப் பிறிதில்லை. முன்னவர் உடலைக் கண்டு உயிரைக் காணாதார். பின்னவரோ உயிரைக் காண்கின்றோமென்று உடலை மிதித்துச் செல்வார். யாம் அன்று பின்னவருள் ஒருவராய் நின்று, எம் மருமகனாரை முன்னவருள் ஒருவரெனத் துணிந்து கடிந்தோம். அத்துணிவு பொருந்துமா என ஆராய்வாம்.

விமானத்தை ஆறு உறுப்புடையதாகச் சிற்பநூலார் வகுப்பர். அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், ஸ்தூபி என்பன அவை. பாதம் காலாகவும், பிரஸ்தரம் தோளாகவும், கண்டம் கழுத்தாகவும், சிகரம் தலையாகவும், ஸ்தூபி அதன் முடியாகவும் கொள்ளப்படும். இப்பெயர்கள் அலங்காரத்துக்காக இட்டவையல்ல. கோயிலைக் கட்டிய சிற்பி தான் எழுப்புவது சுவரென்று எண்ணாது, எம்பெருமானின் திருமேனியென்றே எண்ணி எழுப்பினான் என்பதற்கு அப்பெயர்களே சான்றாம். மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரமும், அடியாரது திருவேடத்தோடு ஆலயத்தையும் அரனாகவே கண்டு தொழ விதிக்கின்றது. கோயிலுக்குள்ளே இறைவனைத் தொழுதலோடு கோயிலையே இறைவனாகத் தொழுதலும் அவ்விதியால் பெறப்படும். அவ்வாறாயின், அதிட்டானத்தின் அருகே குந்தியிருந்து கற்பொருத்தை நோக்கிய இளைஞர் எம்பெருமானின் திருவடியை நோக்கினாரல்லரோ? சுற்றிலும் பாராது உள்ளோடி மீண்ட யாம், திருமேனியின் பெரும்பகுதியைப் பாராதே மீண்டோமல்லமோ?

ஈண்டு ஒரு தடை நிகழும். "அழகைக் காண்பதே வழிபாடாயின், சமயமே இல்லாதாரும் வழிபட்டவராய் முடியும், உல்லாசப் பிரயாணிகள் எல்லாரும் அடியாராவர், நீறும் மந்திரமும் பூசையும் எதற்கு?" என்பது அத்தடை. இது நியாயமான தடையே. பார்த்தல் வேறு, பார்த்ததன்கண் பணிதல் வேறு. ஓரழகைக் கண்டு அதனைத் தன் மகிழ்ச்சிக்குரிய பொருளாக்குவோன் தன்னைப் பெருக்கிக்கொள்கின்றான். அவ்வழகின் முன்னே தான் சிறியனென்று உணர்வோன் தன்னை இழக்கின்றான். இரண்டும் கண்ணின் தொழிலாகவே தொடங்கும், முடியுமிடம் வேறு. ஆதலின் கண்டதனாலேயே ஒருவன் தொழுதவனாகான். காணாது தொழுதவனும் முற்றத் தொழுதவனாகான் என்பதே எம் துணிபு. மருமகனாரின் கண் எங்கே முடிந்ததென்பதை யாம் அறியேம். அறியாத ஒன்றின்மேல் தீர்ப்புக் கூறியதே எமது முதற்பிழை.

பூசலார் நாயனார் சரித்திரத்தை அன்பர் பலரும் அறிவர். காடவர் கோமான் காஞ்சியிலே பெருங் கற்றளி எடுத்தான். திருநின்றவூர்ப் பூசலாரோ பொருளின்மையால் மனத்துள்ளே அத்திவாரந் தொட்டுச் சிகரம்வரை ஒழுங்காகக் கோயிலெடுத்தார். இருவருக்கும் பிரதிட்டை நாள் ஒன்றாய் நேர்ந்தது. பெருமான் அரசனின் கனவிலே தோன்றி, பூசலாரது கோயிலிலே நாளை புகுவோம், நின் செய்கையைப் பின்னொருநாள் வைத்துக்கொள்க என அருளினார். இச்சரித்திரத்தை எடுத்துக்காட்டி, "கல்லும் சிற்பமும் வீண், மனமே கோயில்" என்பார் உளர். அவர் இரண்டை மறந்தார். பெருமான் அரசனின் கோயிலை வேண்டாமென்றாரல்லர். நாளை மாற்றுகவென்றே சொன்னார். மேலும், பூசலார் மனத்துள் எடுத்ததும் உருவமற்ற வெறும் நினைவன்று. கல்லும் மரமும் தேடி, தச்சரைத் தேடி, நாட்பார்த்து, ஒவ்வோருறுப்பாக எழுப்பிய கோயில் அது. சிற்பத்தை இகழ்ந்தவராயின் அவர் மனத்துள் சிகரம் எழுந்திராது. அன்பு சிற்பத்துக்குப் பகையன்று. அன்பில்லாச் சிற்பத்துக்கு அன்பு முற்பட்டது. அச்சரித்திரத்தாற் பெறப்படுவது அவ்வளவே.

இனி, பூசை நின்ற கோயில் கோயிலாமோ என்பது அடுத்த வினா. முறைப்படி பிரதிட்டை செய்து நித்திய நைமித்திகங்கள் நடைபெறும் இடத்திலே திருவருள் விளங்கித் தோன்றும் என்பதும், அவை வழுவின் பிராயச்சித்தமும், கோயில் பழுதுற்றவிடத்துச் சீர்ணோத்தாரணமும் வேண்டும் என்பதும் ஆகமத் துணிபு. அவற்றின் விதியை ஆசாரியர்களே சொல்லற்பாலர். ஆயினும் ஒன்று சொல்வோம். பூசை நின்றதென்றால் நின்றது நமது பணியேயன்றி, எங்கும் நிறைந்தோனின் இருப்பன்று. சோழ மன்னரும் குடிகளும் கோயில்களுக்கு நந்தாவிளக்கு வைத்தபோது, விளக்கொன்றுக்கு 96 ஆடுகளை விட்டனர் எனத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சாசனங்களால் அறிகின்றோம். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என வழங்கினர். ஆடு சாவும், மூப்பும் அடையும். ஆயினும் தொகை குறையாமல் இடையர் காத்து நாள்தோறும் நெய்யளத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. சாவாதது ஆடன்று, கடமையே. ஒருவர் இறப்பின் மற்றொருவர் ஏற்கவேண்டிய கடமையை நமக்கு முன்னோர் விட்டுச் சென்றனர். விளக்கு அவிந்திருக்கின்றதென்றால், அக்கடமையை ஏற்றார் இலராயினர் என்பதே பொருள்.

பொலனறுவையிலே 1907ஆம் ஆண்டை அடுத்துச் சிவாலயங்களை அகழ்ந்தபோதும், பின்னர் 1960ஆம் ஆண்டிலும், நடராசப்பெருமான், சிவகாமியம்மை, சுந்தரமூர்த்தி நாயனார் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன. அவற்றுட் பல இன்று கொழும்பு நூதனசாலையிலே கண்ணாடிக்குள் நிற்கின்றன. ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1914ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்து நூலெழுதினார்கள். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களும் அவற்றின் சமயக் கருத்தை விளக்கி எழுதினார்கள். திருக்கோணமலையிலே வேறொன்று நிகழ்ந்தது. பறங்கியர் 1624ஆம் ஆண்டில் கோணேசர் கோயிலை இடித்தனர். 1950ஆம் ஆண்டில் அவ்வூரிலே கிணறு வெட்டியபோது பழைய திருமேனிகள் வெளிப்பட்டன. அவை மீண்டும் கோயிலேறி இன்று பூசை ஏற்கின்றன. ஒன்று நூதனசாலை, மற்றது கோயில். எது தக்கது என்று கேட்பின், அடியாருள்ளம் கோயிலையே விரும்பும். எனினும் நூதனசாலையை இகழ்தல் நன்றியன்று. ஏற்பாரின்றி மண்ணிற் கிடந்த மூர்த்தங்களைக் களவும் சிதைவும் அணுகாமல் நூறாண்டுக்கு மேலாகக் காத்தது அதுவே. கண்ணாடிக்கு இப்பால் நின்று ஒருவன் உள்ளத்தே கைகூப்புவானாயின், அவனைத் தடுக்கும் கண்ணாடி எங்கும் இல்லை.

மூன்றாவதாக ஓரிடர் உண்டு. அது முன்சொன்ன இரண்டிலும் நுண்ணியது. இத்தகைய கோயிலைக் காணும் தமிழ்ச்சைவன் உள்ளத்தே, "எம் மன்னர் இங்கே ஆண்டனர், இது எம் வெற்றியின் அடையாளம்" என்னும் செருக்கு எழும். எம் நெஞ்சிலும் அன்று எழுந்தது அதுவே. சோழர் 993ஆம் ஆண்டளவிலே இந்நாட்டின்மேற் படையெடுத்தனர். 1017ஆம் ஆண்டளவிலே ஐந்தாம் மகிந்தனைச் சிறைகொண்டனர். 1070ஆம் ஆண்டிலே முதலாம் விசயபாகு அவர்களை வென்று நகரை மீட்டான். அப்படையெழுச்சியிலே பௌத்தரின் தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டன, விகாரங்கள் கொள்ளையிடப்பட்டன என்று சூளவமிசம் கூறுகின்றது. பறங்கியர் நம் கோயில்களை இடித்தமையை எண்ணி இன்றும் கண்ணீர் வடிக்கும் நாம், அதனைப் படித்து வாளாவிருத்தல் நீதியாகுமா? கோயில் புனிதமுடையது, அதனைக் கட்டிய அரசரின் எல்லாச் செய்கையும் அதனாற் புனிதமாய்விடா. எம்பெருமானின் திருமுன்னிலே நின்று பிறரை வென்ற கதையை எண்ணி மகிழ்வோன், தொழச் சென்றும் தன்னையே தொழுது மீள்கின்றான்.

அந்நகரிலேயே இதற்கு மருந்தும் உண்டு. விசயபாகுவின் வெற்றிக்குப் பின்னும் வானவன்மாதேவீச்சரம் நின்றது; இன்றும் நிற்கின்றது. அந்நகரின் தந்ததாது மாளிகையின் அருகே தமிழ்க் கல்வெட்டொன்றுண்டு. விசயபாகுவின் காலத்தை அடுத்து, வேளைக்காரப் படையினர் அத்தாதுக் கோயிலைத் தாம் காப்பதாக உறுதிகூறிப் பொறித்தது அது. பௌத்தரின் திருக்கோயிலைக் காக்கத் தமிழ்ப் படையினர் தமிழிலே சபதஞ் செய்தனர். ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டு கழிந்து, எமது கோயிலின் தமிழெழுத்தைப் புகை படாது காக்கச் சிங்களக் காவலாளர் ஒருவர் கைகூப்பி எம்முன் வந்தார். எவர் கோயிலை எவர் காப்பது என்னும் கணக்கு இறைவனிடத்திலே வேறுவிதமாய் எழுதப்பட்டிருக்கும் போலும்.

இனிச் சைவனொருவன் செய்யத்தக்கதைச் சொல்லி முடிப்போம். நால்வகை நெறியுள் முதலதாகிய சரியை, திருவலகிடுதலையும் திருமெழுக்கிடுதலையும் தன்னுள் அடக்கியது. திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படை கைக்கொண்டு தலங்கள்தோறும் புல்லைச் செதுக்கினார். கோயிற் கல்லின் இடுக்கிலே முளைக்கும் புல்லும் ஆலங்கன்றும் வேரோடிச் சுவரைப் பிளக்கும் என்பதைக் கட்டடத் தொழிலோர் அறிவர். ஆதலின் நாயனாரது கைத்தொண்டு பக்தியும் ஆயிற்று, காப்பும் ஆயிற்று. அவ்விரண்டையும் அவர் வேறாக எண்ணினாரல்லர். நாமோ அவரைப் பாடுகின்றோம். நம் கையினாலோ சுவரிலே எண்ணெயும் குங்குமமும் கர்ப்பூரக் கரியும் பூசுகின்றோம். கல்லெழுத்தின்மேற் சுண்ணாம்பு தீட்டுகின்றோம். திருப்பணி என்ற பெயராலே பழைய கற்றூணை அகற்றிச் சீமெந்துத் தூணை நாட்டிப் பெயர்ப்பலகை பொறிக்கின்றோம். முன்னோன் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதுதல் திருப்பணியாமா? பழுதுற்றதைப் புதுக்குதல் ஆகமஞ் சொன்ன தருமமே. பழுதுறாததைப் புதுமை வேட்கையால் இடித்தல் எந்த ஆகமமும் சொல்லாத அகந்தையாம்.

ஆதலின், அன்பர்காள், சிற்பச் சிறப்புடைய பழங்கோயிலுக்குச் செல்லும்போது, நீறிட்டுச் செல்லுங்கள். முன்னரே அதன் வரலாற்றைக் கற்றுச் செல்லுங்கள். ஸ்தூபிமுதல் அதிட்டானம்வரை கண்ணாரக் காணுங்கள். காண்பதைத் திருமேனி தரிசனமாகக் கொள்ளுங்கள். பூசையுள்ள இடத்தில் முறைப்படி தொழுங்கள். பூசையில்லாத இடத்தில் மௌனமாய் நின்று ஐந்தெழுத்தை எண்ணுங்கள். விதித்த இடத்தில் மாத்திரம் விளக்கேற்றுங்கள். உங்கள் பிள்ளைகளுள் ஒருவருக்காயினும் பழந்தமிழ்க் கல்லெழுத்தை வாசிக்கக் கற்பியுங்கள். காக்கின்றவர் எச்சமயத்தினராயினும் அவருக்கு ஒரு நன்மொழி கூறி மீளுங்கள்.

அன்று யாம் கர்ப்பூரத்தை மடியிலே முடிந்துகொண்டு மீண்டும் உள்ளே சென்றோம். இலிங்கப்பெருமானின் முன்னே எவரோ வைத்துப்போன சிறு அகல்விளக்கும், வாடிய சில பூவும் இருந்தன. வைத்தவர் எவ்வூரார், எம்மொழியார் என்று வினாவத் தோன்றவில்லை. அவ்வகலிலே எண்ணெய் வார்த்துத் திரிதூண்டி ஏற்றினோம். வெளிவந்து காவலாளரிடம் எமது சினத்தைப் பொறுக்கும்படி கேட்டோம், அவர் சிரித்தார். மருமகனாரை நோக்கி, "அந்தக் கற்பொருத்தை எனக்கும் காட்டு" என்றோம். அவர் எம்மை அதிட்டானத்தருகே அழைத்துச் சென்று குந்தியிருந்தார், யாமும் குந்தியிருந்தோம். எமது விரலை எடுத்து ஒரு கல்லுக்கும் மறுகல்லுக்கும் இடையே வைத்தார். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகின்றதென்று விரலுக்குத் தெரியவில்லை. அக்கற்களை அவ்வாறு இணைத்தவன் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. அன்றைக்கு எமது வழிபாடு அவ்விடத்திலேதான் நிறைவுற்றது.

திருச்சிற்றம்பலம்